லூதரிலிருந்து லாக் வரை அம்புக்குறி இழுக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தைப் பற்றிய பாடத்தைக் கடந்த வாரம் நடத்தினேன். 20 ஆண்டுகளாகச் செய்துவருவதைப் போலவே கரும்பலகையின் இடது ஓரத்தில் 1517 என்று எழுதி, அதன் கீழே மார்ட்டின் லூதரின் பெயரை இட்டு, அங்கிருந்து கோப்பர்நிக்கஸுக்கும், அவரிடமிருந்து கலீலியோவுக்கும், கலீலியோவிடமிருந்து ஆங்கிலேய அரசியல் சிந்தனையாளர் ஜான் லாக்குக்கும் அம்புக்குறிகளை இழுத்தேன். திருச்சபையின் பிடி தளர்ந்தது, அதனால் மனிதர்கள் தாமாகச் சிந்திக்கத் தொடங்கினார்கள், அந்தச் சிந்தனையிலிருந்து அறிவியலும் அதன் வழியே மக்களாட்சியும் பிறந்தன என்பது அந்த அம்புக்குறிகளுக்குப் பொருள். தேர்வில் எழுதுவதற்கு வசதியான விடை. ஒருமுறை படித்தவர்கள் மறப்பதும் இல்லை.

முதல் வரிசையில் இரண்டு மாணவிகள் எப்போதும் சேர்ந்தே உட்காருவார்கள். ஒருத்தி லா சலேத் மாதா கோயிலுக்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள், மற்றவள் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த வழிச் சபையைச் சேர்ந்தவள். இரண்டாமவள்தான் எழுந்து, “டீச்சர், கோப்பர்நிக்கஸ் எந்தச் சபை?” என்று கேட்டாள். கத்தோலிக்கர் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். உடனே அருகில் இருந்தவள், “அப்படியென்றால் லூதரிடமிருந்து அவருக்கு எப்படி அம்பு போகும்?” என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இந்த மலையில் இந்தக் கேள்வியைத் தேர்வுக் கேள்வியாக மட்டும் பார்க்க முடியவில்லை. 1845-இல் இங்கே குடியேறியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1895-இல் செண்பகனூரில் குருமடம் நிறுவியவர்கள் கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர். மேட்டின்மேல் 1899-இலிருந்து சூரிய ஆய்வகம் நிற்கிறது. பிள்ளைகள் இந்த மூன்றையும் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்தும் மற்ற வீட்டுப் பிள்ளை தலைகுனிந்தும் வெளியேறும்படி ஒரு பாடத்தை நடத்தி வந்திருக்கிறேனோ என்ற கலக்கம் எனக்கு இருக்கிறது. உண்மையில் நடந்தது என்ன என்பதை அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: செண்பகனூர் இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் மாணவிகள் சரியான நூலைத்தான் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கர்தாம், பால்டிக் கடலோரத்தில் உள்ள ஃபிராம்போர்க் பேராலயத்தின் நிருவாகப் பொறுப்பில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தம் கணக்கை அவர் பல ஆண்டுகள் அச்சுக்குக் கொடுக்காமலே வைத்திருந்தார். 1539-இல் அவரைத் தேடி ரேட்டிகஸ் என்ற 25 வயது இளைஞர் வந்தார். அவர் லூதரின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். அந்தப் பகுதியின் ஆயர் லூதர் வழியினருக்கு எதிராக ஆணை பிறப்பித்திருந்த அதே ஆண்டில், லூதர் ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கத்தோலிக்கப் பேராலய அதிகாரியின் வீட்டில் மாணவராகச் சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த வட்டாரத்திலேயே இருந்து, பெரியவரின் தயக்கத்தைப் போக்கி, கையெழுத்துப் படியை அச்சுக்கு எடுத்துச் சென்றார் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது. நூல் 1543-இல் நியூரம்பர்க்கில் வெளிவந்தது. அது சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நகரம். அச்சு வேலையைக் கடைசியில் மேற்பார்த்தவர் ஓசியாண்டர் என்ற லூதரன் போதகர். இது வெறும் கணக்கு வசதிக்கான ஊகமே, உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை என்று பொருள்படும் ஒரு முன்னுரையை அவர் தம் பெயர் போடாமல் சேர்த்துவிட்டார். நூலையோ கோப்பர்நிக்கஸ் போப்பாண்டவர் மூன்றாம் பவுலுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். லூதரைப் பொறுத்தவரை, 1539-இல் உணவு மேசைப் பேச்சில் இந்தப் புதிய கருத்தை, சூரியனை நிற்கும்படி யோசுவா கட்டளையிட்டதைச் சொல்லும் யோசுவா ஆகமத்தைக் காட்டி அவர் மறுத்ததாக உடனிருந்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆக, தங்கள் முதல் அம்பு நிற்காது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களைக் கூட்டி வைத்துச் சிறிய தொலைநோக்கி ஒன்றைச் சூரியனை நோக்கி நிறுத்துவேன். (அதன் வழியே யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது; பார்வை போய்விடும்.) கண்ணருகு வில்லைக்குப் பின்னால் ஒரு முழத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்தால், காப்பி டம்ளர் வாய் அளவுக்குச் சூரியன் அட்டையில் விழும். மூடுபனி விலகிய நிமிடத்தில் அதில் இரண்டு மூன்று கரும்புள்ளிகள் தெரியும். நடு கறுப்பாகவும் ஓரம் சாம்பல் நிறமாகவும் இருக்கும். பார்த்தவுடன் ஒரு பிள்ளையாவது, “சார், கண்ணாடியில் தூசி” என்று சொல்லிவிடும். நான் வில்லையைத் திருகிக் காட்டுவேன். தூசியாக இருந்தால் வில்லையோடு சேர்ந்து சுழலும். சூரியனின் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். பென்சிலால் குறித்து வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடியும் பிடித்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்பதற்கு அதைவிட நேரான சான்றை நான் கண்டதில்லை.

இதே தூசி ஐயம்தான் 400 ஆண்டுகளுக்கு முன்பு இங்கோல்ஸ்டாட் நகரத்து இயேசு சபைக் குரு கிறிஸ்டோஃப் ஷைனருக்கும் வந்தது. பல தொலைநோக்கிகளை மாற்றிப் பார்த்த பிறகே அவர் அந்த ஐயத்தை விட்டார். சபை மேலதிகாரியின் எச்சரிக்கை காரணமாகத் தம் பெயரை மறைத்து 1612-இல் கடிதங்களாக வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1611-இல், யோகானஸ் ஃபாப்ரிசியஸ் என்ற இளைஞர் சூரியப் புள்ளிகளைப் பற்றிய முதல் அச்சு நூலை வெளியிட்டிருந்தார். அவர் ஒரு லூதரன் போதகரின் மகன். நூல் அச்சான ஊர் விட்டன்பர்க். கலீலியோ தம் கடிதங்களை 1613-இல் ரோமில் வெளியிட்டார். புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்று ஷைனர் முதலில் வாதிட்டார். அவை சூரியனின் மேல்தான் இருக்கின்றன என்றார் கலீலியோ. இருவருக்கும் இடையே கடும் பகை மூண்டது. ஆனால் ஷைனர் வேலையை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அட்டையில் வரைந்து, 1630-இல் வெளியான பெரிய நூலில் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டு, சூரியனின் அச்சு ஏறத்தாழ 7 பாகை சாய்ந்திருப்பதையும் கணித்தார். அந்தப் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது நம் கொடைக்கானல் மேட்டில்தான். இந்தச் சங்கிலியில் எல்லாச் சபையாரும் இருக்கிறார்கள்.

வானியலாளர் கெப்ளரைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர் லூதரன். கத்தோலிக்கராக மாற மறுத்ததால் 1600-இல் கிராட்ஸ் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். பின்னர் லின்ஸ் நகரில், தம் சொந்தச் சபையின் கொள்கை அறிக்கை முழுவதற்கும் கையொப்பமிட மனம் ஒப்பாததால், திருவிருந்தில் பங்கேற்க அவருடைய போதகரே இடம் தரவில்லை. அவரைப் பேரரசின் கணிதராக அமர்த்தி ஆதரித்தவர் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப். அவருடைய தாயார்மீது 1615-இல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டியவர்கள் லூதரன் ஊர்க்காரர்கள். வழக்கை நடத்தியதும் லூதரன் நாட்டு நீதிமன்றம். முதிய தாயை விடுவிக்க 1621 வரை போராடிய அந்த ஆண்டுகளில்தான், 1619-இல், கோள்களின் சுற்றுக்காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் மூன்றாவது விதி அச்சேறியது.

கலீலியோவின் வழக்கை நான் மெழுகிப் பூச விரும்பவில்லை. 1611-இல் ரோமன் கல்லூரியின் இயேசு சபை வானியலாளர்கள் அவருடைய தொலைநோக்கிக் காட்சிகள் உண்மை என்று சான்றளித்தார்கள். ஆனாலும் 1616-இல் கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. 1633 ஜூன் 22 அன்று, ஏறத்தாழ 70 வயதான மனிதர் மண்டியிட்டுத் தாம் அறிந்த உண்மையை மறுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இறக்கும்வரை அவர் வீட்டுச் சிறையில் இருந்தார். அவருடைய கடைசிப் பெரிய நூல் 1638-இல் லெய்டனில் அச்சாகி வெளிவந்தது. இத்தாலியில் அச்சிட முடியாததை ஹாலந்தில் அச்சிட முடிந்தது என்பதுதான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய உண்மை என்று நான் கருதுகிறேன்.

பதில் 2: குன்னூர் அச்சுக்கோப்பாளர்

ஐயா இறுதியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். குன்னூரில் சிறிய அச்சகம் ஒன்றில் 31 ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்தவன் நான். முதல் நாள் மாதா கோயில் நவநாள் துண்டறிக்கைக்குக் கோத்த எழுத்துகளைச் சாயங்காலம் பிரித்துக் கேஸில் (எழுத்துப் பெட்டியில்) போடுவோம். மறுநாள் காலையில் அதே எழுத்துகளை எடுத்து நற்செய்திக் கூட்ட நோட்டீஸ் கோப்போம். அடுத்த நாள் தேயிலைத் தொழிலாளர் சங்க அறிக்கை. ‘க’ எந்த அறையில் கிடக்கிறது என்பது கைக்குத் தெரியும். அது எந்தச் சபையின் ‘க’ என்று கேஸுக்குத் தெரியாது. ஐரோப்பாவில் நடந்ததையும் அச்சகத்துப் பக்கத்திலிருந்தே பார்க்கிறேன்.

திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டை லூதர் எதிர்த்தார், அச்சு இயந்திரம் அவருக்கு உதவியது என்று பாடத்தில் படிக்கிறோம். குட்டன்பர்க் காலத்து அச்சு வேலைகளில் தேதியோடு நமக்குக் கிடைக்கும் மிகப் பழையவற்றுள் 1454, 1455 ஆண்டுகளின் பாவமன்னிப்புச் சீட்டுகளே இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு; வாங்குபவரின் பெயருக்கும் தேதிக்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். நாங்கள் அடித்த ரசீதுப் புத்தகத்துக்கும் அதற்கும் வேலையில் வேறுபாடு இல்லை. ஆயிரம் படி அடித்தாலும் கோப்பு ஒன்றுதான். அச்சகத்துக்கு முதலில் சோறு போட்டது அந்த வகைச் சில்லறை வேலை.

லூதருடைய 95 கருத்துரைகள் இலத்தீனில் இருந்தன, அவை கற்றவர்களுக்கு. ஊரைக் கிளப்பியது 1518-இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய, பாவமன்னிப்பையும் அருளையும் பற்றிய சிறு பிரசங்கம். ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். அந்த அளவுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும் நூல் அது. தைக்க வேண்டியதில்லை, அட்டை வேண்டியதில்லை, இரண்டே நாளில் அடித்து முடிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. அவற்றில் பலவற்றை யாரும் யாரையும் கேட்காமலே வெவ்வேறு ஊர் அச்சகத்தார் அடித்துக்கொண்டார்கள். பெரிய நூலுக்கு முதலைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் அச்சகத்தாருக்கு, இப்படி உடனே காசாகும் வேலை எவ்வளவு பெரிய உதவி என்பது தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

1522 செப்டம்பரில் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தது. திருவெளிப்பாட்டுப் பகுதிக்கு ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் செதுக்கிய மரக்கட்டைப் படங்களில் பாபிலோனின் பெண் போப்பாண்டவருடைய மூன்றடுக்கு முடியை அணிந்திருந்தாள். எதிர்ப்பு எழுந்ததால் டிசம்பர் பதிப்பில் மேலடுக்குகளைக் கட்டையிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டு வெறும் கிரீடமாக்கினார்கள். கட்டையில் ஒருமுறை வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. வெட்டிய இடம் வெற்றிடமாகத்தான் அச்சாகும். அந்த இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொள்கைச் சண்டை ஒரு தொழிலாளியின் உளி நுனிவரை வந்து நின்றதைக் காணலாம்.

இந்தச் சண்டையால் தமிழ் அச்சும் வளர்ந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. வேலையைச் செய்வித்தவர் இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூதரன். அவர் நிறுவிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகாததால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714, 1715 ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவர்களை எதிர்த்து ‘வேத விளக்கம்’ எழுதியவர் இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர். விட்டன்பர்க்குக்கும் ரோமுக்கும் இடையே மூண்ட வழக்கு, 200 ஆண்டுகள் கழித்துக் காவிரிக்கரையில் தமிழ் உரைநடையில் நடந்தது. எங்கள் கேஸில் இருந்த எழுத்துகளுக்குப் பாட்டனார் அந்த வழக்குதான்.

பதில் 3: கோத்தகிரி வாசகர்

குன்னூர் ஐயாவின் பதிவைப் படித்ததும் இதைச் சேர்க்கத் தோன்றியது. திரெந்து நகரப் பொதுச்சங்கம் (1545–1563) கத்தோலிக்கத் திருச்சபையை உள்ளிருந்து ஒழுங்குபடுத்திய பிறகு, அந்த ஒழுங்கின் கை 1599-இல் கேரளத்து உதயம்பேரூர்ச் சங்கம் வழியாக அங்கிருந்த பழைய கிறிஸ்தவர்களான தோமா கிறிஸ்தவர்களை எட்டியது. அடுத்த நான்கே ஆண்டுகளில் அது நம் மலைக்கும் ஏறியது. மறந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் மலைமேல் இருக்கிறார்களோ என்று அறிய ஆயர் ரோஸ் அனுப்பியதன் பேரில் ஜாக்கோமோ ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குரு 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து நீலகிரிக்கு வந்து, தோதவர்களைச் சந்தித்துப் பேசி, அவர்களுடைய எருமைகளையும் வழிபாட்டையும் பார்த்து, இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று எழுதி அனுப்பினார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் விவரம் அதுவே. தத்துவ அறிஞர் ஜியார்டானோ புரூனோ ரோமில் எரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கலீலியோ வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்ப இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

கொடைக்கானல் வரலாற்று ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இரண்டு அம்புகளை அழித்துவிட்டேன். லாக்குக்குச் செல்லும் மூன்றாவது அம்பைப் பற்றி யாரேனும் எழுதுவீர்களா? ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சிப்படி வேதத்தைப் படிக்கலாம் என்று லூதர் சொன்னார், அதிலிருந்து மனச்சாட்சி உரிமையும் ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்தன என்றுதான் இதுவரை கற்பித்திருக்கிறேன்.

பதில் 4: உதகை வழக்குரைஞர்

அம்மா, தங்கள் மூன்றாவது அம்பை முழுவதும் அழிக்க வேண்டாம். ஆனால் அது நேர்கோடாக இராது.

மிகேல் செர்வெட்டஸின் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பெயின் நாட்டவர், மருத்துவர். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாக இடப்பக்கத்துக்கு வருகிறது என்று ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர். அதை எழுதிய இடம் மருத்துவ நூல் அன்று. கடவுள் ஒருவரே மூன்று ஆள்களாய் இருக்கிறார் என்ற திரித்துவக் கொள்கையை மறுக்கும் சமய நூல். 1553-இல் பிரான்சின் வியன் நகரத்துக் கத்தோலிக்க அதிகாரிகள் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சிறையிலிருந்து தப்பிவிட்டதால் அவருடைய உருவத்தை எரித்தார்கள். தப்பியவர் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஜெனீவாவுக்குப் போனார். அங்கே சீர்திருத்தச் சபையார் அவரை அடையாளம் கண்டு, விசாரித்து, அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று உயிரோடு எரித்தார்கள். அந்த நூலின் மூன்று படிகளே இன்று எஞ்சியுள்ளன. ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்த பகைவர்கள் ஒரு மனிதரை எரிக்கும் விஷயத்தில் ஒரே தீர்ப்புக்கு வந்தார்கள். மனச்சாட்சி உரிமையை எந்தத் தரப்பும் கொள்கையாகக் கொண்டு தொடங்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அந்த எரிப்பைக் கண்டித்து, ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கொள்கையைக் காப்பது ஆகாது, ஒரு மனிதனைக் கொல்வதே ஆகும் என்று எழுதியவர் செபாஸ்டியன் கஸ்டெல்லியோ. அவரும் சீர்திருத்தச் சபையார்தாம். அந்த எழுத்து அவர் வாழ்நாளில் அச்சாகவே இல்லை.

ஆட்சியாளரை எதிர்க்கும் உரிமை எப்படி வளர்ந்தது என்பதை நீதிமன்றக் கண்ணோடு பார்த்தால், வாதத்தைவிட வாதியின் நிலையே முக்கியம் என்பது விளங்கும். 1572 ஆகஸ்டில் பாரிசில் பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையார் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதுவரை அரசருக்கு விசுவாசம் காட்டி வந்தவர்கள், அதன் பிறகு, அரசன் மக்களோடு செய்த உடன்படிக்கையை மீறினால் அவனை எதிர்க்கலாம் என்று எழுதலானார்கள். அவற்றுள் பெயர்பெற்ற நூல் 1579-இல் வந்தது. 1584-இல் நிலைமை தலைகீழானது. அரியணைக்கு அடுத்த உரிமையாளர் நவார் நாட்டு ஹென்றி, சீர்திருத்தச் சபையார். உடனே கத்தோலிக்கக் கூட்டணியார் எதிர்ப்புரிமை பேசினார்கள். சீர்திருத்தச் சபையார் வாரிசுரிமைக்குத் திரும்பினார்கள். ஆட்சி யார் கையில் இல்லையோ அவர் கையில் அந்த வாதம் இருந்தது.

இன்னொரு சங்கிலியைத் தங்கள் இரு மாணவிகளும் அவசியம் அறிய வேண்டும். 1616-இல் கலீலியோவை அழைத்து எச்சரித்த கர்தினால் பெல்லார்மின், அரசியல் அதிகாரம் கடவுளிடமிருந்து நேராக மன்னனுக்கு வருவதில்லை, முதலில் மக்கள் சமுதாயத்திடமே இருக்கிறது என்று எழுதியவர். மன்னர்களைவிடப் போப்பாண்டவரை உயர்த்துவதே அவருடைய நோக்கம். அதே வழியில் எழுதிய இயேசு சபையார் சுவாரெஸின் நூலை இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1613-இல் லண்டனில் எரிக்கச் செய்தார். பின்னர் ராபர்ட் ஃபில்மர் மன்னரின் உரிமையை ஆதாமிடமிருந்து வந்த தந்தையுரிமையாகக் காட்டி ஒரு நூல் எழுதினார்; அதில் அவர் பெயர் சொல்லி மறுக்கும் எதிராளி பெல்லார்மின். அந்த ஃபில்மரை வரிக்கு வரி மறுப்பதற்காகவே லாக் தம் முதல் ஆட்சியியல் கட்டுரையை எழுதினார். இயற்கையாக மக்கள் சுதந்திரமானவர்கள் என்ற கருத்தைப் பொறுத்தவரை, ரோமின் கர்தினாலும் இங்கிலாந்தின் லாக்கும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். லாக் இதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். 1689-இல் வெளியான அவருடைய சமயப் பொறைக் கடிதம், அயல்நாட்டுத் தலைவருக்குக் கீழ்ப்படியும் சமயத்தாருக்கும் கடவுள் மறுப்பாளருக்கும் பொறை வழங்குவதில்லை. முதல் வகையில் அவர் மனத்தில் இருந்தவர்கள் கத்தோலிக்கர்கள்.

அந்தக் கடிதத்தை அவர் எழுதியது 1685-இன் குளிர்காலத்தில், ஹாலந்தில் ஒளிந்து வாழ்ந்தபோது. அந்த அக்டோபரில்தான் பதினான்காம் லூயி, சீர்திருத்தச் சபையாருக்குப் பாதுகாப்பளித்த 1598-ஆம் ஆண்டு நாந்த் ஆணையை ரத்து செய்திருந்தார். அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்தபோதும் யாரும் யாரையும் வென்றிருக்கவில்லை. ஜெர்மன் நிலத்தின் பல பகுதிகள் ஆளின்றிக் கிடந்தன. பொறை என்பது அப்படிக் களைத்துப்போன கைகள் போட்ட உடன்படிக்கையாகத் தொடங்கி, பின்னரே ஒரு நெறியாக வளர்ந்தது. அப்படித் தொடங்கியதால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. எங்கள் தொழிலில் இரண்டு தரப்பும் தோற்றுப்போய்ச் செய்துகொள்ளும் சமரசங்களே மேல்முறையீடு இல்லாமல் நிலைக்கின்றன.

பதில் 5: கூடலூர் வாசகி

வழக்குரைஞர் ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒன்றே என்று தட்டையாக்கிவிடக் கூடாது என்று வலியுறுத்த விரும்புகிறேன். 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் ஜெர்மன் உழவர்கள் 12 கோரிக்கைகளை எழுதினார்கள். தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முதலாவது. கிறிஸ்து எல்லாரையும் தம் இரத்தத்தால் மீட்டிருக்கும்போது எங்களை ஒருவருடைய உடைமையாக எப்படி வைத்திருக்கலாம் என்று கேட்டது மூன்றாவது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓரத்தில் வேத வசனங்களைக் குறித்திருந்தார்கள். தாய்மொழியில் அந்த நூல் கைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் அது நடந்தது. லூதர் அவர்களைக் கைவிட்டார். அடக்குமாறு பிரபுக்களை ஊக்கிக் கடுமையான வார்த்தைகளால் எழுதினார். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஆனாலும் உழவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது அவர் திறந்த பக்கத்திலிருந்துதான். 1647-இல் லண்டனை அடுத்த பட்னி தேவாலயத்தில், மன்னரை எதிர்த்துப் போரிட்ட படைவீரர்கள் கூடி வாக்குரிமை பற்றி விவாதித்தபோது, இங்கிலாந்தின் மிக ஏழைக்கும் மிகப் பெரியவரைப் போலவே வாழ ஓர் உயிர் உண்டு என்று கர்னல் ரெயின்பரோ சொன்னார். சபையில் தாமே எழுந்து ஜெபிக்கவும் பேசவும் பழகியவர்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு, எழுத்தறியாத என் பாட்டி பேரப்பிள்ளையை அருகில் உட்காரவைத்து வசனத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு மேஸ்திரியிடம் அதையே எடுத்துச் சொல்லி நியாயம் கேட்டது நினைவில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த ஒரு வரி ஒரு கூலித் தொழிலாளிக்கு என்ன தருகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் காலத்தைப் பேச முடியாது.

கொடைக்கானல் வரலாற்று ஆசிரியை

கூடலூர் அம்மையாரின் பதிவை இரண்டு முறை படித்தேன். மெம்மிங்கனையும் பாடத்தில் சேர்க்கிறேன்.

இன்று காலை வகுப்பில் 1543-ஐ மட்டும் கரும்பலகையின் நடுவில் எழுதி, நூலை எழுதியவர், எடுத்துச் சென்றவர், அச்சிட்ட ஊர், முன்னுரை எழுதியவர், காணிக்கை பெற்றவர் என்று ஐந்து பெயர்களைச் சுற்றிலும் போட்டேன். அம்புக்குறியைப் பிள்ளைகளையே இழுக்கச் சொன்னேன். முதல் வரிசை மாணவிகள் இருவரும் ஒரே சாக்பீஸை உடைத்துப் பகிர்ந்துகொண்டு வந்தார்கள். வேலையை முடித்து இடத்துக்குத் திரும்பும்போது, “டீச்சர், அந்த முன்னுரையைப் பார்த்துக் கோப்பர்நிக்கஸ் கோபப்படவில்லையா?” என்று ஒருத்தி கேட்டாள். அச்சடித்த நூல் அவர் கைக்கு வந்தபோது அவர் மரணப்படுக்கையில் இருந்தார் என்றேன். ரேட்டிகஸ் கோபப்பட்டாரா என்று மற்றவள் கேட்டாள். கோபப்பட்டார்; அச்சகத்தார்மீது நடவடிக்கை எடுக்கும்படி கோப்பர்நிக்கஸின் நண்பரான ஆயர் கீசே நியூரம்பர்க் நகர மன்றத்துக்குப் புகார் எழுதினார் என்று செண்பகனூர் ஐயா தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொன்னேன். வானம் தெளிந்திருந்தால் சனிக்கிழமை அவர் தொலைநோக்கியோடு பள்ளிக்கு வருகிறார். வெள்ளை அட்டை வாங்கி வைத்திருக்கிறோம்.